கேட்டால் சொல்லும் அக்கா

ஒரு சித்திரை மாதத்து மத்தியானம் எங்கள் வீட்டுச் சாமான் அறைக்குள் நல்ல பாம்பு ஒன்று நுழைந்தது. பார்த்தது எங்கள் வீட்டில் வேலை செய்த அக்கா ஒருவர்தான். அவர் கூச்சல் போடவில்லை, யாரையும் கூப்பிடவுமில்லை. அறைக் கதவைச் சாத்திவிட்டு, அதிலேயே முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, முறத்தில் இருந்த உளுந்தில் கல் பொறுக்க ஆரம்பித்தார். நான் இரண்டு தடவை அந்தப் பக்கம் போய்வந்தேன். என் மாமியார் வந்து, எண்ணெய் டின்னை எடுக்க வேண்டும், நகரு என்றார். அக்கா நகரவில்லை. எதற்காக இப்படி வழியை மறித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய் என்று மாமியார் கோபமாகக் கேட்ட பிறகுதான், கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பதில் சொன்னார்.

"உள்ள நல்லபாம்பு போயிருக்கும்மா."

எவ்வளவு நேரமாயிற்று? ஒரு மணி நேரம் இருக்கும். ஏன் சொல்லவில்லை? "நீங்க கேக்கலையே."

பாம்பு பிடிக்கிறவர் வந்து அதைச் சாக்கில் போட்டுக்கொண்டு போனார். சாயங்காலம் வரைக்கும் வீடே சொல்லிச் சொல்லிச் சிரித்தது. நானும் சிரித்தேன். அப்போது எனக்குக் கல்யாணமாகி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. பாம்பு உள்ளே இருப்பது தெரிந்தும் கதவில் முதுகை வைத்து ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்த அந்த நிதானம் மட்டும் எனக்குள் எங்கேயோ தைத்துக்கொண்டது.

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. அவர் உயிரோடுதான் இருக்கிறார். நாங்களும் அதே ஊரில், அதே தொழிலில்தான் இருக்கிறோம். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். வீட்டில் மற்றவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். என்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவராக இருப்பார். ஒல்லியான, உயரமான உடம்பு. நடந்தால் சத்தம் வராது. யாராவது எதையாவது கேட்டால் உடனே பதில் வராது. செய்துகொண்டிருக்கிற வேலையை நிறுத்தி, கையைத் துடைத்து, தரையைப் பார்த்துக்கொண்டு சொல்வார். சொல்வது நிஜமாக இருக்கும். அதோடு நிறுத்திக்கொள்வார்.

நான் விருதுநகரில் பிறந்தவள். அப்பாவுக்கு மிளகாய் வத்தல் கமிஷன் கடை. சிவகாசியில் பட்டாசுத் தொழில் செய்யும் குடும்பத்தில் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள், மறுவீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது மாமியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு விஷயம் சொன்னார். கல்யாணத்தன்று நம் கம்பெனியில் சின்ன விபத்து ஒன்று நடந்துவிட்டது, மருந்து கலக்கிற ஆள் ஒருத்தன் லீவு நாளில் யாரையும் கேட்காமல் உள்ளே போய்ப் பீடி பற்றவைத்திருக்கிறான், மருந்து அறை வெடித்து ஆள் போய்விட்டான், நீ இதை மனசில் போட்டுக்கொள்ளாதே என்றார். எங்கள் பக்கத்தில் மருந்து என்றால் வெடிமருந்து. ஒரு மாதம் கழித்து அந்த ஆளின் மனைவி இடுப்பில் கைக்குழந்தையோடு எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வந்தார். அவர்தான் அக்கா. பாவம் பார்த்து வேலை கொடுத்திருக்கிறோம் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். நானும் வெளியே அப்படித்தான் சொன்னேன்.

என்னுடைய கல்யாண நாளும் அவர் புருஷன் இறந்த நாளும் ஒன்று என்பதை நானும் அக்காவும் ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை.

அவரோடு பழகிய ஆரம்ப வருஷங்களில் அவருடைய குணம் எங்களுக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. என் கணவரைத் தேடி ஒரு ஏஜெண்ட் வந்தார். கணவர் மாடியில் இருந்துகொண்டே, இல்லையென்று சொல்லச் சொல்லி அக்காவை அனுப்பினார். வந்தவர், ஐயா இருக்கிறாரா என்று கேட்டார். "இருக்காக. இல்லைன்னு சொல்லச் சொன்னாக" என்றார் அக்கா. அதற்குப் பிறகு வாசலுக்கு அவரை அனுப்புவதே இல்லை.

வேடிக்கை நின்றது என் மாமியார் படுக்கையில் விழுந்தபோது. வயிற்றில் கட்டி. மதுரையில் பார்த்துவிட்டு, வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். மாமியாரிடம் யாரும் சொல்லவில்லை. பார்க்க வருகிறவர்கள் எல்லோரும், ரெண்டு மாசத்தில் எழுந்து நடப்பீர்கள் என்றார்கள். ஒருநாள் நான் கஞ்சி எடுத்துக்கொண்டு போனபோது, காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்த அக்காவிடம் மாமியார் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் பொய் சொல்றாக. நீ சொல்லு. நான் பொழைப்பனா?"

சொல்லாதே என்று நான் கண்ணைக் காட்டினேன். அக்கா என்னைப் பார்க்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டார்.

"இல்லம்மா. ஆடி தாண்டாது."

மாமியார் திட்டுவார், அக்காவை அன்றைக்கே வெளியே போகச் சொல்வார் என்று நினைத்தேன். மாமியார் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு, அப்படியானால் என் மகளுக்கு ஆள் அனுப்புங்கள் என்றார். அன்றிலிருந்து அக்காவைத் தவிர வேறு யாரையும் பக்கத்தில் இருக்கவிடவில்லை. ஆனி மாதக் கடைசியில் அக்காவின் மடியில்தான் உயிர் போனது. குளிப்பாட்டி, தலைவாரி, நெற்றியில் குங்குமம் வைக்கிறவரைக்கும் எல்லாம் அக்காதான் செய்தார். பெற்ற மகள்கூட அப்படிச் செய்திருக்க மாட்டாள். ஆனால் அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் அவரிடம் ஒரு கேள்வி கேட்பதற்கு முன்னால் இரண்டு தடவை யோசித்தோம். உப்பு எங்கே இருக்கிறது, பால்காரர் வந்தாரா, இவ்வளவுதான். என் கணவர் அவர் காதுபடக் கம்பெனி விஷயம் பேசுவதை நிறுத்திக்கொண்டார். பொய் சொல்லாத ஒரு மனுஷிக்கு இத்தனை பேர் பயப்பட முடியும் என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

ஒரே ஒரு நாள் மட்டும் அக்கா கேட்காமலே கூடத்துக்கு வந்து உட்காருவார். அது எங்கள் கல்யாண நாள்.

எங்கள் கல்யாணத்தை வீடியோ எடுத்திருந்தார்கள். வருஷா வருஷம் கல்யாண நாளன்று சாயங்காலம் அந்தக் கேசட்டைப் போட்டுப் பார்ப்பது வீட்டில் வழக்கமாகிவிட்டது. இறந்துபோனவர்கள் அதில் நடமாடுவார்கள், கிழவர்களெல்லாம் வாலிபர்களாக வருவார்கள், பிள்ளைகள் பார்த்துப் பார்த்துச் சிரிப்பார்கள். நாதஸ்வரம், மாப்பிள்ளை அழைப்பு, காலைப் பந்தி, அப்புறம் முகூர்த்தம் என்று, மேலே போட்ட சினிமாப் பாட்டோடு படம் போகும். அக்கா நிலைப்படியோரம் உட்கார்ந்து பார்ப்பார். பந்தி முடிந்து முகூர்த்தம் தொடங்கியதும் எழுந்து சமையல்கட்டுக்குப் போய்விடுவார். தாலி கட்டுவதைப் பார்க்க மனசு வரவில்லை, பாவம், என்று என் நாத்தனார் சொல்வார். நாங்களும் அப்படியே நம்பினோம். ஒரு வருஷம் கேசட் சிக்கிக்கொண்டு பந்தி வருவதற்குள் படம் நின்றுவிட்டது. கடைக்காரரைக் கூட்டிவந்து சரிசெய்து மறுநாள்தான் போட முடிந்தது. அந்த ஒரு நாள் முழுக்க அக்கா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று சமையல்காரம்மா பிறகு சொன்னார். எனக்கு ஏனென்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

என் மகள் வளர்ந்து, படித்து, பெங்களூரில் வேலைக்குப் போனாள். எங்களுடைய இருபத்தைந்தாவது கல்யாண நாள் வரப்போகிறது என்றதும் அவள்தான் ஒரு யோசனை சொன்னாள். வெறும் விருந்தோடு நிறுத்த வேண்டாம், நம் குடும்பத்தின் வம்சாவளியைத் தேடி எடுத்து, படங்களோடு ஒரு புத்தகமாகப் போட்டு, வருகிறவர்களுக்குத் தாம்பூலத்தோடு கொடுப்போம் என்றாள். சிவகாசியில் அச்சடிக்கவா இடமில்லை? என் மாமனாருக்கு ஏக சந்தோஷம். அவருக்கு வயது எண்பது. ஆனாலும் தன் தாத்தாவுக்கு மேலே அவருக்கு ஒரு பெயரும் தெரியவில்லை. பேத்தியைக் கூப்பிட்டு அவரே வழி சொன்னார். நம்ம பூர்வீகம் மல்லாங்கிணறு பக்கத்தில் கரிசல் காடு, அங்கே நம் குடும்பத்துக்கு எழவு சொல்லப் போனவர்கள் இவளுடைய பாட்டன் பூட்டன்தான், இவளுக்கு எல்லாம் தெரியும், கேளு என்று அக்காவைக் கைகாட்டினார்.

என் மகள் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு சமையல்கட்டில் தரையில் உட்கார்ந்தாள். ஐந்து நாள் கேட்டாள். ஐந்து நாளும் அக்கா சொன்னார். ஏழு தலைமுறை. யாருக்கு யார் மகன், எந்த ஊரில் பெண் எடுத்தார்கள், எந்த ஊரில் கொடுத்தார்கள், யார் எதில் இறந்தார்கள். ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. இவ்வளவும் எப்படி ஞாபகம் இருக்கிறது என்று என் மகள் வியந்துபோய்க் கேட்டாள்.

"எழவு சொல்லப் போற வரிசைதான் பாப்பா சொந்தத்தோட வரிசை. மொதல்ல யாருக்குச் சொல்லணும், அடுத்து யாருக்குச் சொல்லணும்னு எங்க தாத்தா பாட்டாவே படிச்சுக் குடுத்தாரு. மாத்திச் சொன்னா அடி விழும்ல."

நான் அடுப்பில் நின்றுகொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். முன்னோர்களில் ஒருவர்கூட அந்தக் கணக்கில் உயிரோடு வரவில்லை. காலரா, பாம்பு, பிரசவம், கிணறு என்று சாவின் வழியாகவே எங்கள் குடும்பம் ஒவ்வொருவராக வந்துகொண்டிருந்தது. மாமனாரின் தாத்தாவுக்கு இரண்டு மனைவிகள் என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. மூத்தவர் என்ன ஆனார் என்று மகள் கேட்டாள். கிணற்றில் விழுந்தார் என்றார் அக்கா. தவறி விழுந்தாரா என்றாள். "இல்ல" என்றார். அடுத்த கேள்வியை என் மகள் கேட்பதற்குள், மாவு பொங்குகிறது, வந்து பார் என்று நான் அவளைக் கூப்பிட்டுவிட்டேன்.

ஆறாவது நாள் வீடியோவை எடுத்தாள். கேசட்டை ஸ்டுடியோவில் கொடுத்து லேப்டாப்பில் ஏற்றியிருந்தாள். அதில் தெரிகிற முகங்களுக்கெல்லாம் பெயர் எழுதி, புத்தகத்தில் கல்யாணப் படங்களுக்குக் கீழே போட வேண்டும் என்பது அவள் திட்டம். ஒவ்வொரு முகமாக நிறுத்திக் கேட்டாள். அக்கா சொல்லச் சொல்ல அடித்துக்கொண்டே வந்தாள். காலைப் பந்தி வந்தது. கம்பெனி வேன்களில் வந்து இறங்கிய வேலையாட்களுக்குத்தான் முதல் பந்தி. நீலச் சட்டை போட்ட ஒருவர் பொங்கலில் சாம்பாரை ஊற்றிப் பிசைந்துகொண்டிருக்கிறார். பின்னாலிருந்து ஒரு கை வந்து அவர் தோளைத் தொடுகிறது. நிமிர்ந்து பார்க்கிறார். உடனே எழுந்திருக்கிறார். இலையில் வடை அப்படியே கிடக்கிறது. பெண்கள் உட்கார்ந்திருக்கும் பக்கம் திரும்பி ஏதோ சொல்கிறார். அதற்குள் கேமரா ஒரு குழந்தையின் மேல் போய்விடுகிறது. இருபத்து நான்கு வருஷம் நாங்கள் எல்லோரும் பார்த்த காட்சிதான். ஒருவரும் கவனித்ததில்லை.

என் மகள் அதை நிறுத்தினாள்.

"இது யாரு பெரியம்மா?"

"இவுக என் வீட்டுக்காரவுக."

"தோள்ல கை வைக்கிறது?"

"உங்க தாத்தா."

"எதுக்குக் கூப்பிடுறாரு?"

நான் அந்த நேரத்தில் என் மகளைக் கூப்பிட்டிருக்கலாம். அடுப்பில் பால் இருந்தது, காரணம் சொல்ல எவ்வளவோ இருந்தது. கூப்பிடவில்லை. ஏனென்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

"மருந்து ரூம்ல சூட்டு வாசம் வருதுன்னு வாட்ச்மேன் மண்டபத்துக்கு ஓடியாந்து சொன்னாரு. மொத நாள் கலந்த மருந்த அள்ளாம அப்படியே பூட்டிட்டாக, கல்யாண அவசரம். போயி என்னன்னு பாத்துட்டு வான்னு மொதலாளி அனுப்புனாக. நீ இருந்து சாப்புட்டு வான்னு எங்கிட்டச் சொல்லிட்டுப் போனாக."

கலந்த மருந்தை ராத்திரி முழுக்க வைத்திருந்தால் அது தானாகவே சூடேறும் என்பது எங்கள் ஊரில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். சூட்டு வாசம் வந்துவிட்டால் யாரும் பக்கத்தில் போகக் கூடாது, தூரத்திலிருந்து தண்ணீர் அடிக்க வேண்டும் என்பதும் தெரியும். என் மகள் வெளியூரில் வேலை பார்த்தாலும் இந்த ஊரில் வளர்ந்தவள். அவள் விரல்கள் லேப்டாப்பின் மேல் அப்படியே நின்றுவிட்டன. இத்தனை வருஷமாக ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று மெதுவாகக் கேட்டாள்.

அக்கா அதையும் சொன்னார். விசாரணைக்கு வந்த அதிகாரியிடம் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லப் பார்த்திருக்கிறார். கேட்டதற்கு மட்டும் பதில் சொல், கேட்காததைப் பேசாதே என்று அந்த அதிகாரி அதட்டியிருக்கிறார். அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். உன் புருஷன் பீடி குடிப்பானா? குடிப்பார் என்று அக்கா உள்ளதைச் சொல்லியிருக்கிறார். எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். லீவு நாளில் அனுமதியில்லாமல் உள்ளே போய்ப் பீடி குடித்ததால் நடந்த விபத்து என்று காகிதத்தில் ஆகிவிட்டது.

"அதுக்குப் பொறவு யாரும் ஒண்ணும் கேக்கலை பாப்பா."

"பின்ன ஏன் இந்த வீட்டுக்கு வேலைக்கு வந்தீங்க?"

"படம் இங்கனதான இருக்கு" என்றார் அக்கா. "அவுக போட்டோ வேற ஒண்ணுகூட எங்கிட்ட இல்ல."

என் மகள் எழுந்து நேராக முன்னறைக்குப் போனாள். மாமனார் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவள் கேட்டதற்கு அவர் மறுக்கவுமில்லை, சத்தம் போடவுமில்லை. பேப்பரை மடித்துவைத்துவிட்டு, அந்தக் கேசட் எங்கே என்று மட்டும் கேட்டார். அதை என் கணவர்தான் எடுத்துக்கொடுத்தார். மறுநாள் காலையில் மாமனார் கொல்லைப்புறத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தன் கண் முன்னாலேயே அதை எரிக்கவைத்தார். பிளாஸ்டிக் உருகிக் கறுப்பாகப் புகை எழுந்தது. பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்தினார்கள்.

அது எரிந்து முடிந்ததும் அக்காவை வரச்சொன்னார். நாங்கள் எல்லோரும் நின்றுகொண்டிருந்தோம். உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். பணம் கேட்பார் என்று எதிர்பார்த்திருப்பார்.

"பீடின்னு எழுதுன காகிதத்த மாத்தி எழுதணும் மொதலாளி. நான்தான் அனுப்புனேன்னு நீங்க சொல்லணும்."

மாமனார் கைத்தடியால் சாம்பலைக் கிளறினார். பிறகு, உனக்கும் வயசாகிவிட்டது, மகன் ஆலங்குளத்தில் சிமெண்டு ஆலையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான், இனிமேல் அவனோடு போய் இரு என்றார். என் கணவர் ஆபீஸ் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நான் அடுப்படிக்குப் போனேன். அக்கா தன் மாற்றுச் சேலை இரண்டையும் ஒரு பையில் வைத்துக்கொண்டு, வாரேன் சின்னம்மா என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

என் மகள் அன்றைக்கே பெங்களூருக்குக் கிளம்பினாள். விழாவுக்கு வரமாட்டேன் என்றாள். பஸ் ஏறுவதற்கு முன்னால் அந்தப் பந்திக் காட்சியை மட்டும் வெட்டி எடுத்து என் போனுக்கு அனுப்பினாள். இதையெல்லாம் அழித்துவிடு, உன் அப்பாவின் தொழில் இது, வீட்டில் எல்லோரும் தெருவில் நிற்க வேண்டியிருக்கும் என்று கெஞ்சினேன். "நீங்களே அழிங்கம்மா. உங்க கல்யாணம்தானே" என்றாள்.

நான் அழிக்கவில்லை. யாரிடமும் காட்டவுமில்லை. போனை எங்கே வைத்தாலும் என் ஒரு கண் அங்கேயே இருந்தது.

விழா நடந்தது. புத்தகமும் வந்தது. ஏழு தலைமுறையும் கொடியும் கிளையுமாக வழவழப்பான தாளில் அழகாக அச்சாகியிருந்தது. மாமனாரின் தாத்தாவுக்கு ஒரு மனைவிதான். கல்யாணப் படங்களில் பந்தி இல்லை. சொந்தக்காரர்கள் புரட்டிப் பார்த்து, இவ்வளவு விவரத்தையும் யார் சேகரித்தது என்று கேட்டார்கள். என் மகள் என்றேன்.

பதினைந்து நாள் பொறுத்தேன். பிறகு ராஜபாளையத்தில் சித்தி வீட்டுக்குப் போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டு, காரை எடுக்காமல் பஸ் ஏறி ஆலங்குளம் போனேன். முற்பகல். சாலையோரத்து வேப்பமரங்களின் இலைகளெல்லாம் சிமெண்டுத் தூசியில் சாம்பல் பூசினாற்போல இருந்தன. வரிசை வீடுகளில் விசாரித்துக் கண்டுபிடித்தேன். அக்கா ஆச்சரியப்படவில்லை. உட்காரச் சொல்லி, பக்கத்துக் கடையிலிருந்து கலர் சோடா வாங்கிவரச் செய்து கொடுத்தார். குடித்தேன். போனை எடுத்து அந்தக் காட்சியைப் போட்டுக் கையில் கொடுத்தேன். மூன்று தடவை பார்த்தார். பார்த்து முடித்ததும் போனை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"சின்னம்மா, அன்னைக்கு அந்தச் சத்தத்த நீங்க கேட்டீகளா?"

என் அம்மாவிடம், கணவரிடம், மகளிடம், எல்லோரிடமும் நான் ஒரே பதிலைத்தான் சொல்லியிருக்கிறேன். வாசலில் சரவெடி வெடித்துக்கொண்டிருந்தது, ஒன்றும் கேட்கவில்லை, மூன்றாம் நாள் அத்தை சொல்லித்தான் தெரியும். சொல்லிச் சொல்லி அது எனக்கே உண்மை மாதிரி ஆகிவிட்டிருந்தது.

சரவெடி அதற்கு முன்பே முடிந்துவிட்டது. தாலி கட்டியாகிவிட்டது, நாத்தனார் மூன்றாவது முடிச்சும் போட்டுவிட்டார், மேளம் அடங்கிவிட்டது. வெடிப்புகை மண்டபத்துக்குள் வந்துகொண்டிருந்தது. அப்போதுதான் நான் உட்கார்ந்திருந்த மணைப்பலகை அதிர்ந்தது. சத்தம் அதற்குப் பின்னால் வந்தது. மேலேயிருந்து சுண்ணாம்பு உதிர்ந்து அட்சதைத் தட்டில் விழுந்தது. வாசலில் இன்னொரு பெட்டியைக் கொளுத்தியிருக்கிறார்கள் என்று நினைத்து எல்லோரும் சிரித்தார்கள். என் மாமனார் மணவறைக்கு எதிரே நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தை நான் பார்த்தேன். அவர் வாசலுக்கு ஓடவில்லை. மேளக்காரர்கள் பக்கம் திரும்பி, கெட்டிமேளம், கெட்டிமேளம் என்று கையை உயர்த்தினார். தாலி கட்டி முடித்த பிறகு எதற்கு என்று அவர்கள் விழித்தார்கள். அவர் இன்னும் உரக்கச் சொன்னார். அவர்கள் கொட்டினார்கள். எனக்கு இருபத்துமூன்று வயது. மணப்பெண் எப்படி இருக்க வேண்டுமோ அப்படித் தலையைக் குனிந்துகொண்டேன். யாரோ எங்கேயோ போய்விட்டார்கள், அதன் மேல்தான் இந்த மேளம் விழுகிறது என்று அந்தக் கணத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"கேட்டேன்க்கா" என்றேன்.

மற்றதையும் சொன்னேன். சொல்லி முடிக்கிறவரைக்கும் அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போய், மகனின் நோட்டிலிருந்து நடுத்தாளைக் கிழித்து, பேனாவோடு என் முன்னால் வைத்தார்.

"எழுதிக் குடுங்க."

தேதியை யோசிக்க வேண்டியிருக்கவில்லை. வீட்டில் பாதிப் பாத்திரங்களில் அது வெட்டியிருக்கிறது. படத்தில் பந்தியில் பார்த்ததை எழுதினேன், மேடையில் கேட்டதை எழுதினேன், கையெழுத்துப் போட்டேன். இன்னாருடைய மனைவி என்று போடச் சொன்னார். போட்டேன். அக்கா தாளை வாங்கி எழுத்துக் கூட்டி முழுவதையும் படித்தார். மேளம் கொட்டச் சொன்னது யார் என்பதில் மாமனார் என்று மட்டும் இருந்தது. மொதலாளி பேரு விட்டுப்போச்சு என்று திருப்பிக் கொடுத்தார். அதையும் எழுதினேன்.

போன வாரம் எங்கள் ஆபீஸுக்கு மாமனார் பெயருக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது. என் கணவர்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினார். வீட்டுக்குக் கொண்டுவந்து, முன்னறையில் நின்றபடியே அதைப் படிப்பதை நான் உள்ளிருந்து பார்த்தேன். ஒரு தடவை, கடைசியில் இருந்த நோட்டுத்தாளின் நகல் வரைக்கும் படித்தார். முதல் பக்கத்துக்குத் திரும்பி மறுபடியும் படித்தார். மாமனார் சாய்வு நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். அவரைத் தாண்டி மெதுவாக நடந்து வந்து, சமையல்கட்டு வாசலில் நின்றார்.

"நீ ஆலங்குளம் போனியா?"

"போனேன்."